நாமினி வேறு, வாரிசு வேறு: வாசகர் கேள்வி – பதில்

இறப்பு, பாகப்பிரிவினை, விவாகரத்து என்று வீட்டில் ஒரு பெரிய மாற்றம் வந்த பிறகு எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் "கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி என்ன செய்வது?" என்றுதான் முடிகின்றன. இந்த முறை, கையெழுத்துக்கு முன்பே கேட்டவர்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

என் கணவர் தனியார் மில்லில் வேலை பார்த்தவர். நாற்பது நாட்களுக்கு முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 43. பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். வங்கியில் ஆறு லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதற்கும் பி.எஃபுக்கும் கல்யாணத்துக்கு முன்பே தன் அம்மாவை நாமினியாகப் போட்டிருக்கிறார். "எல்லாம் மாமியாருக்குத்தான் போகும்" என்கிறார்கள் உறவுக்காரர்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, கரூர்

உறவுக்காரர்கள் சொல்வது சரியல்ல. ஆனால் டெபாசிட்டுக்கு ஒரு சட்டம், பி.எஃபுக்கு ஒரு சட்டம், இன்ஷூரன்ஸுக்கு ஒரு சட்டம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள மட்டுமே உரிமை உள்ளவர். அந்தப் பணம் வாரிசுகளுக்குச் சொந்தம். நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1983-லிருந்து சொல்லி வருகிறது. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு விஷயத்திலும் 2023 டிசம்பரில் அதையே உறுதி செய்தது. நீங்கள் இந்து என்றால், உயில் இல்லாதபோது மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வருக்கும் சம பங்கு. ஆறு லட்சத்தில் மாமியாருக்கு ஒன்றரை லட்சம், உங்கள் மூவருக்கும் நாலரை லட்சம். கிறிஸ்தவர் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை. இஸ்லாமியர் என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வங்கி நாமினியிடம்தான் பணத்தைக் கொடுக்கும். கொடுத்ததும் அதன் பொறுப்பு தீர்ந்துவிடும். "கொடுக்காதீர்கள்" என்று நீங்கள் எழுதும் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை, நீதிமன்றத் தடை உத்தரவு வேண்டும். அதனால் மாமியார் கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள்; கோர்ட்டுக்குப் போனால் இந்த ஆறு லட்சத்தில் கணிசமான பகுதி செலவுக்கே போய்விடும். பணம் அவர் கணக்குக்கு வந்ததும் அவரவர் பங்கு வங்கிக் கணக்கு வழியாகவே மாறட்டும். கையில் எண்ணிக் கொடுப்பது வேண்டாம்.

பி.எஃப். கதை நேர்மாறு. திருமணமாகிக் குடும்பம் அமைந்ததுமே, அதற்கு முன்பு போட்ட நாமினேஷன் செல்லாது என்பது பி.எஃப். திட்டத்தின் விதி. செல்லுபடியாகும் நாமினேஷன் இல்லாவிட்டால், மனைவி, மைனர் பிள்ளைகள், அவரைச் சார்ந்திருந்த பெற்றோர் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். இது போக, மாதப் பென்ஷன் உங்களுக்கு வரும். இரண்டு பிள்ளைகளுக்கும் உங்கள் பென்ஷனில் 25 சதவீதம் வீதம் 25 வயது வரை தனியாக உண்டு. பணியில் இருக்கும்போது இறந்ததால் பி.எஃபோடு இணைந்த காப்பீட்டுத் தொகையும் இருக்கிறது. சம்பளத்தையும் இருப்பையும் வைத்துக் கணக்கிடுவார்கள், உச்சவரம்பு 7 லட்சம். பலர் பி.எஃப். தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு பென்ஷனையும் காப்பீட்டையும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இறப்புக்கென்று உள்ள ஒருங்கிணைந்த கிளெய்ம் படிவத்தில் மூன்றுக்கும் இடம் இருக்கிறது, மூன்றையும் நிரப்புங்கள். மில் நிர்வாகத்தின் சான்றொப்பம் வேண்டும். அங்கே போகும்போதே கிராஜுவிட்டி (பணிக்கொடை) பற்றியும் கேளுங்கள். பொதுவாக அதற்கு ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். இறப்பில் அந்த நிபந்தனை கிடையாது.

ஆயுள் காப்பீட்டில் 2015-க்குப் பிறகு சட்டம் மாறியது. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவர் நாமினி என்றால் பணம் அவருக்கே பயன்படும் என்கிறது திருத்தம். இதை எல்லா நீதிமன்றங்களும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. எனவே அவருக்கு பாலிசி இருந்து, மாமியார் நாமினியாக இருந்தால், டெபாசிட்டில் பேசிய அதே வேகத்தில் பேச முடியாது. வக்கீலைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இப்போது வரிசை. முதலில் இறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே பதிந்திருப்பார்கள். வீட்டில் என்றால் 21 நாட்களுக்குள் நாம்தான் தெரிவித்திருக்க வேண்டும். நாற்பது நாள் ஆகிவிட்டதால், பதியாமல் விட்டிருந்தால் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் தாமதக் கட்டணமும் தேவைப்படும். ஒரு வருடம் தாண்டினால் இன்னும் கஷ்டம். சான்றிதழ் கையில் வந்ததும் பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஆதாரில் 'ராமசாமி கு', வங்கியில் 'கே. ராமசாமி', சான்றிதழில் 'கு. ராமஸ்வாமி' என்று இருந்தால் மூன்று கவுன்டரிலும் மூன்று முறை திருப்பி அனுப்புவார்கள். திருத்துவதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

அடுத்து வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணைக்குப் பிறகு தாசில்தார் வழங்குவார். கோபத்தில் மாமியார் பெயரை விட்டுவிடாதீர்கள். விசாரணையில் தெரிந்தால் மனு தள்ளுபடி. தெரியாமல் வாங்கிவிட்டால் பின்னாளில் ரத்து.

இரண்டு சின்ன வேலைகள் பாக்கி. அவருடைய செல்போன் எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், பி.எஃப்., வருமான வரி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றின் குறுஞ்செய்தியும் அதற்குத்தான் வரும். பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டுங்கள். 436 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு: எந்த காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். பக்கத்திலேயே 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது விபத்துக்கு மட்டும், உங்களுக்குப் பொருந்தாது. இந்த 436-ஐ ஏதோ வங்கிக் கட்டணம் என்று நினைத்துக் கடந்துவிடும் குடும்பங்கள் நிறைய.

நாமினியே போடாத கணக்கு என்றால் கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?
— ஒரு வாசகர், விருதுநகர்

பெரும்பாலும் வேண்டாம். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை, தகராறு இல்லாத இடத்தில் எளிய நடைமுறையிலேயே தீர்க்க வேண்டும். வாரிசு சான்றிதழ், எல்லா வாரிசுகளின் சம்மதம், உறுதிமொழிப் பத்திரம் போதும். எல்லாத் தாள்களும் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் வட்டியோடு. மேனேஜர் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்" என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுதித் தர மாட்டார்கள், ஃபைலை நகர்த்துவார்கள்.

உங்கள் கணக்குக்கு நாமினி இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள். 1-11-2025 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறித்தே போடலாம். லாக்கருக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில்தான்.

அப்பா அரசு ஓய்வூதியர். இறந்து இரண்டு மாதமாகிறது. பென்ஷன் இன்னும் கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. அண்ணன் ஏ.டி.எம். கார்டில் எடுத்து வீட்டுச் செலவைப் பார்க்கிறார். தப்பா?
— ஒரு வாசகி, சேலம்

தப்பு. அதுவும் இரண்டு வகையில். இறந்த தேதிக்குப் பிந்தைய பென்ஷன் உங்கள் குடும்பப் பணமே அல்ல. கருவூலம் திரும்பப் பிடிக்கும், பெரும்பாலும் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய நிலுவையிலிருந்து. கணக்கில் முன்பே இருந்த பணமோ எல்லா வாரிசுகளுக்கும் பொது. மற்றொரு பிள்ளை புகார் கொடுத்தால், எந்தத் தேதியில் எந்த மெஷினில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பது வங்கி ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கும்.

கார்டை எடுத்து வைத்துவிட்டு, இறப்புச் சான்றிதழோடு கருவூலத்துக்கும் வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கான குடும்ப ஓய்வூதியம் அப்பா இறந்த மறுநாளிலிருந்தே கணக்காகும், தாமதத்தால் தொகை போய்விடாது. பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) புத்தகத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். இழுபறி அங்கேதான் நடக்கும்.

இறந்த என் கணவருக்கு தனிநபர் கடன் 3 லட்சம், கிரெடிட் கார்டு பாக்கி 80 ஆயிரம். வசூல் ஆட்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட போன் செய்கிறார்கள். சொந்த வீடு இல்லை. நான் தையல் வேலை செய்கிறேன். இதை நான் கட்ட வேண்டுமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

நீங்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவரோ ஜாமீன்தாரரோ இல்லையென்றால், உங்கள் சம்பாத்தியத்திலிருந்து ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. வாரிசின் பொறுப்பு, இறந்தவரிடமிருந்து வந்த சொத்தின் அளவோடு நின்றுவிடும். அவர் கணக்கில் 40 ஆயிரம் உங்களுக்கு வந்திருந்தால் அந்த 40 ஆயிரம் வரைதான் கேட்க முடியும். உங்கள் தையல் மெஷினையும் உங்கள் நகையையும் தொட முடியாது.

முதலில் கடன் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். 'இணை விண்ணப்பதாரர்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது, முழுக் கடனும் உங்களுடையது. அதே நகலில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். கடன் கொடுக்கும்போதே பல இடங்களில் காப்பீட்டையும் சேர்த்து விற்றுவிடுவார்கள். வாங்கியவருக்கே தெரிந்திருக்காது. இருந்தால் கடன் அதிலேயே அடையலாம்.

இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒன்பது மணி அழைப்புகளின் திரைப்பிடிப்பைச் சேர்த்து வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மிக முக்கியம்: "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன்" என்று எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்கள் வாங்காத கடனை உங்கள் கடனாக்குவது அந்த ஒரு வரிதான்.

கணவர் பெயரில் இருந்த வீட்டை விற்றுவிட்டுப் பிறந்த ஊருக்குப் போக நினைக்கிறேன். மாமனார், மாமியார் இல்லை. மகனுக்கு 12, மகளுக்கு 9. வாங்க வந்தவர், "அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார்.
— ஒரு வாசகி, திண்டுக்கல்

போதாது. வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுடையது. இயற்கைப் பாதுகாவலர் நீங்கள்தான் என்றாலும், மைனரின் அசையாச் சொத்தை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், பாதுகாவலர் சட்டம். அனுமதியில்லாமல் விற்றால், பிள்ளைகள் 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். உங்கள் மகள் விஷயத்தில் அது இன்னும் பன்னிரண்டு வருடம் வரை தொங்கும் கத்தி. விவரம் தெரிந்தவர் இதற்குப் பணம் கொடுக்க மாட்டார். கொடுக்க முன்வருகிறவர் அந்த ஆபத்துக்கு விலையைக் குறைத்தே கேட்பார்.

மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். ஏன் விற்கிறீர்கள், என்ன விலை, பிள்ளைகளுக்கு என்ன நன்மை என்று மூன்றையும் தாளோடு காட்ட வேண்டும்: மதிப்பீட்டாளர் அறிக்கை, பிறந்த ஊரில் வீடு வாங்குவதானால் அதன் விவரம், பள்ளிச் செலவு. பிள்ளைகளின் பங்கை அவர்கள் பெயரில் வங்கி டெபாசிட்டாகப் போடச் சொல்வது வழக்கம். வட்டியைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ள மனுவிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு தனியாகக் கேட்டால் மறுபடி அலைச்சல். அட்வான்ஸ் வாங்கும் அக்ரிமென்ட்டில் 'நீதிமன்ற அனுமதி கிடைத்த பின்' என்ற வார்த்தையும் போதிய கால அவகாசமும் இருக்கட்டும்.

எனக்கு 71 வயது. ஒரே வீடு, என் பெயரில். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் சின்ன மகனுக்குக் கொடுக்க நினைக்கிறேன். செட்டில்மென்ட் எழுதட்டுமா, உயில் எழுதட்டுமா? அவன் செட்டில்மென்ட்தான் வேண்டும் என்கிறான்.
— ஒரு அம்மா, கும்பகோணம்

அவர் கேட்பது அவருக்கு நல்லது. நாங்கள் உங்களுக்கு எது நல்லது என்று பார்க்கிறோம்.

உயில் நீங்கள் இருக்கும்வரை வெறும் தாள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாள் கட்டணம் கிடையாது. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிவது நல்லது. தான செட்டில்மென்ட் அப்படியல்ல. பதிந்து அவர் ஏற்றுக்கொண்டதும் வீடு அவருடையது, நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுத முத்திரைத்தாள் மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய விகிதம் இது. வீடு 40 லட்சமானாலும் 80 லட்சமானாலும் செலவு 50,000 தான். 'சீப்பாக முடிகிறது, இப்போதே எழுதிவிடு' என்ற அவசரம் பல வீடுகளில் இதனால்தான் வருகிறது.

எங்கள் கருத்து: உயில். இரண்டு சாட்சிகள் வேண்டும், நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்து, உங்கள் முன்னிலையிலேயே அவர்களும் போட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். நாளைக்கு வழக்கு வந்தால் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டும். உங்கள் வயதுத் தோழிகளை நிறுத்தினால் அந்த நாளில் யார் இருப்பார்கள்? பயன்பெறும் மகனும் மருமகளும் சாட்சியாக வேண்டாம், பதிவு அலுவலகத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போவதும் அவர்களாக இல்லாமல் இருந்தால் நல்லது. அந்த வாரத் தேதியில் ஒரு டாக்டர் சான்றிதழ், தெளிவான நினைவோடு இருக்கிறார் என்று. மற்ற பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். 'பெரியவனைப் படிக்கவைத்து, தொழிலுக்கும் கொடுத்தாயிற்று' என்ற மாதிரி. காரணமே சொல்லாமல் ஒரு பிள்ளையை ஒதுக்கும் உயில்தான் அதிகம் சந்தேகிக்கப்படுகிறது.

செட்டில்மென்ட்தான் எழுதுவேன் என்றால் இரண்டு வாசகங்கள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று, உங்கள் ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வந்தால் அனுபவிக்கவும் உங்களுக்கே உரிமை. இரண்டு, மகன் உங்களுக்கு உணவு, மருத்துவம் உள்ளிட்ட பராமரிப்பைச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கொடுக்கிறீர்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் 'அன்பின் காரணமாக' என்று மட்டும் எழுதிவிட்டு நிபந்தனையை விட்டவர்கள் பலர் தோற்றுப் போயிருக்கிறார்கள். பத்திர எழுத்தர் பழைய நகலைப் பார்த்து அடித்துத் தருவார். வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டோ கையெழுத்தோ போடுங்கள்.

எனக்கு 1985-ல் கல்யாணம். அப்பா 2018-ல் உயில் எழுதாமல் காலமானார். பூர்வீக நிலம் நாலு ஏக்கர், அவர் சம்பாதித்த ஒரு வீடு. "89 சட்டத்துக்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை" என்கிறார் தம்பி. பட்டா மாற்ற ஆதார் நகலும் ஒரு கையெழுத்தும் கேட்கிறார்.
— ஒரு வாசகி, புதுக்கோட்டை

தம்பி பழைய சட்டத்தைச் சொல்கிறார். 25-3-1989-க்கு முன் மணமான பெண்களைப் பூர்வீகச் சொத்தில் விலக்கியது அன்றைய தமிழ்நாட்டுத் திருத்தம். 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம், மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று தெளிவாக்கிவிட்டது. விதிவிலக்கு ஒன்று உண்டு: 20-12-2004-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால் அதைக் கிளற முடியாது. அப்பா சம்பாதித்த வீட்டுக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. 1956 சட்டத்திலேயே மகளுக்கும் மகனுக்கும் சமம், கல்யாண வருடம் எதுவாக இருந்தாலும்.

தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். நிலத்தின் சர்வே எண்ணைப் போட்டு 2004-க்கு முன் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தெரியாமல் தம்பியிடம் பேச்சே எடுக்காதீர்கள்.

கையெழுத்து எதற்கு என்று பாருங்கள். எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு என்றால் போடலாம். 'ஆட்சேபணை இல்லை' என்றோ 'விடுதலைப் பத்திரம்' என்றோ தலைப்பு இருந்தால் நிறுத்துங்கள். விடுதலை எழுதிக் கொடுத்தால் பங்கு போனது போனதுதான். விட்டுக்கொடுக்க மனமிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் எந்தச் சொத்தில், எவ்வளவு பெற்றுக்கொண்டு அல்லது பெறாமல் என்று எழுதப்பட்டதற்கு மட்டும். தம்பியிடம் வாங்கும் தொகை பத்திரத்தில் வரட்டும், வங்கி வழியாகவும் வரட்டும்.

பரஸ்பர சம்மதத்தோடு பிரிய முடிவு செய்திருக்கிறோம். இருவர் பெயரிலும் ஃபிளாட்; கடன் 22 லட்சம் பாக்கி, அதிலும் இருவர் கையெழுத்து. "ஃபிளாட்டை நானே வைத்துக்கொண்டு இ.எம்.ஐ. கட்டுகிறேன்" என்கிறார் அவர். மகள் என்னிடம். எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகி, கோவை

விவாகரத்துத் தீர்ப்பு உங்கள் இருவருக்கும் இடையில்தான். வங்கி அதில் கட்சிக்காரர் அல்ல. 'கணவர் கட்டுவார்' என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தாலும், அவர் மூன்று மாதம் கட்டாமல் விட்டால் வங்கி உங்களையும் கேட்கும். உங்கள் கிரெடிட் ஸ்கோரும் விழும், நாளைக்கு உங்களுக்கென்று ஒரு கடன் கிடைக்காது. எனவே கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்க வங்கியில் இப்போதே விண்ணப்பியுங்கள். அவருடைய சம்பளத்துக்கு மட்டும் 22 லட்சம் தாங்குமா என்று மறுபடி பார்ப்பார்கள். தாங்காது என்றால் அவர் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம், அல்லது ஃபிளாட்டை விற்று மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். பெயரை நீக்கியதற்கான வங்கிக் கடிதம் வராமல் ஃபிளாட்டில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்காதீர்கள். சொத்து போய் கடன் மட்டும் நிற்கும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

நேரமும் முக்கியம். விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கான குடும்பச் சலுகைக் கட்டணம் கணவன், மனைவியாக இருக்கும்வரைதான். தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகு மனு, ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை ஆஜர். இந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டாவது ஆஜர் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பேசிய ஒரே தவணைத் தொகையை டிமாண்ட் டிராஃப்டாக எடுத்து, அன்று நீதிபதி முன்னால் கைமாற்றுவதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

உங்களுக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று சொல்லலாம், மகளுக்கு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. பள்ளிக் கட்டணம், மருத்துவம், கல்லூரி என்று தனித்தனியாக, வருடத்துக்கு எவ்வளவு உயரும் என்பதோடு எழுதுங்கள். நகைகளில் உங்கள் பிறந்த வீட்டார் போட்டதும் திருமணத்தில் உங்களுக்குக் கொடுத்ததும் சீதனம், உங்களுடையது மட்டுமே. கிராம் கணக்கோடு பட்டியல் போட்டு, வாங்கியதற்கு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

விவாகரத்து ஆனதும் நாமினேஷன் தானாக மாறாது. உங்கள் டெபாசிட், இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றிலும் அவர் பெயரை நீங்களே போய் எடுக்க வேண்டும்.

சொந்தத் தொழில் செய்கிறேன், அடுத்த மாதம் கல்யாணம். தொழில் கடன் பெரியது. நாளை எனக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் பணத்தையும் கடன்காரர்கள் எடுத்துக்கொள்வார்களா?
— ஒரு வாசகர், சிவகாசி

எடுக்காமல் செய்ய வழியிருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் மனைவிக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எடுப்பதாக விண்ணப்பத்தோடு தனிப் படிவம் கொடுங்கள். அந்தப் பணம் அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடும்; கடன்காரர்களை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் ஒழிய ஜப்தி செய்ய முடியாது. பாலிசி எடுத்த பிறகு இதைச் சேர்க்க முடியாது. அதன்மேல் நீங்கள் கடன் வாங்கவும் முடியாது. ஏற்கெனவே உள்ள பாலிசிகளில் நாமினியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள், தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கட்டாயம். மண்டபத்தில் எடுத்த போட்டோ சான்றாகாது.

அப்பா பெயரில் உள்ள பைக்கை நான் ஓட்டலாமா? அவர் இறந்து ஒரு மாதம் ஆகப் போகிறது.
— ஒரு வாசகர், நாகர்கோவில்

மூன்று மாதம் வரை ஓட்டலாம், இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்திருந்தால். நீங்கள் அந்த விளிம்பில் இருக்கிறீர்கள், நாளைக்கே கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் கொடுத்து ஆர்.சி.யை மாற்றுங்கள். பைக் இன்ஷூரன்ஸும் அப்பா இறந்ததிலிருந்து மூன்று மாதமோ, பாலிசி முடியும் தேதியோ, எது முந்தியதோ அதுவரைதான். அதற்குப் பிறகு அவர் பெயரிலேயே ஆன்லைனில் புதுப்பித்தால் பணம் வாங்கிக்கொள்வார்கள், விபத்து நடந்து கிளெய்ம் கேட்கும்போதுதான் "பாலிசிதாரர் எப்போது இறந்தார்?" என்ற கேள்வி வரும்.